ஆரவாரமும் ஆராதனையும்

இறைவன் முன்னிலையில் மனிதன் எவ்வாறு நிற்றல் வேண்டும் என்னும் வினா மிகப் பழையது. வாய் புதைத்து, கண் மூடி, அசைவற்று நிற்பதே பணிவு என்பர் ஒருசாரார். உள்ளம் நெகிழ்ந்தவனுக்கு உடல் எவ்வாறு அசையாதிருக்கும் என வினவுவர் மற்றொருசாரார். தன் ஊரில், தன் கோயிலில், தன் சுற்றத்தார் நடுவே இருக்கும்வரை ஒருவனுக்கு இவ்வினா எழுவதில்லை; பழக்கமே விடையாகிவிடுகின்றது. பிறநாடொன்றிலே பிறருடைய ஆலயத்துள் விருந்தினனாகப் புகும்போதுதான் அது எழுகின்றது. அதுவும் பெரிய தத்துவ வினாவாக எழுவதில்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்னும் சிறு தடுமாற்றமாகவே தலைகாட்டுகின்றது.

இத்தடுமாற்றத்துக்கு உள்ளாகும் வாய்ப்பு ஒரு தலைமுறை ஈழத்து ஆசிரியர்களுக்கு நேர்ந்தது. 1970களில் எண்ணெய் வருவாயாற் செல்வம் பெருகிய நைஜீரியா, 1976இல் அனைவர்க்கும் ஆரம்பக் கல்வி என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பாடசாலைகள் பெருகின, கற்பிப்போர் போதவில்லை. கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் கற்பிக்கவல்ல இலங்கையர் பலர் அந்நாட்டுக்கும், சாம்பியா, எதியோப்பியா முதலிய நாடுகளுக்கும் ஒப்பந்த அடிப்படையிற் சென்றனர். அவர்களுள் தமிழர் பலர். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து சென்ற ஆசிரியர் ஒருவரை இங்கு உருவகித்துக் கொள்வோம். தந்தைவழியில் அவர் மெதடிஸ்த சபையார். தாய்வழிப் பாட்டியாரோ வைகாசி பிறந்தால் கண்ணகையம்மன் கோயிலைவிட்டு அகலாதவர். இவ்விரு வழக்கும் ஒரே வளவுக்குள் அடங்குவது மட்டக்களப்பிற் புதுமையன்று.

ஒரு ஞாயிறு காலை, உடன் கற்பிக்கும் யொரூபா இனத்து ஆசிரியர் தம் சபைக்கு அவரை அழைத்துச் செல்கின்றார். வாயிலிலேயே பாதணிகளைக் கழற்றச் சொல்கின்றனர். உள்ளே ஆண்களும் பெண்களும் வெள்ளங்கி தரித்து வெறுங்காலுடன் நிற்கின்றனர். பீடத்துக்கு அருகே மேளக்காரர் நால்வர். சுரைக்குடுக்கைமீது மணிகள் கோத்த வலையைப் போர்த்திய ‘செக்கெரே’ என்னும் கருவியை ஒரு பெண் உலுக்குகின்றாள். பாட்டு எழுகின்றது, கைதட்டல் எழுகின்றது, சிறிது நேரத்தில் அமர்ந்திருப்போர் எவருமில்லை. காணிக்கை செலுத்துவோர் ஆடிக்கொண்டே வரிசையாகப் பீடத்தை நோக்கி வருகின்றனர். ஒரு மணித்தியாலத்தில் முடியும் வழிபாட்டுக்குப் பழகியவருக்கு மூன்று மணித்தியாலமாகியும் முடிவு தென்படவில்லை. இடையே, புதிதாக வந்தோர் எழுந்து நிற்கவேண்டும் என்கின்றனர். அவர் எழுகின்றார். சபை முழுவதும் அவரை நோக்கி வரவேற்புப் பாடல் பாடுகின்றது. பக்கத்தில் நின்ற மூதாட்டி ஒரு வெள்ளைக் கைக்குட்டையை அவர் கையில் வைத்து, வீசுமாறு சைகை காட்டுகின்றார். அவர் அதைப் பற்றியவாறே நிற்கின்றார், வீசவில்லை.

அக்கை ஏன் எழவில்லை? காரணம் இரண்டு. முதலாவது, ‘இது வழிபாடா, விழாவா?’ என்னும் ஐயம். இரண்டாவது, ‘என் உள்ளம் இதில் ஒன்றவில்லை, ஒன்றாத உள்ளத்தோடு கையை அசைப்பது பொய்யன்றோ?’ என்னும் தயக்கம். முன்னையது வழிபாட்டின் தன்மை பற்றியது. பின்னையது வழிபடுவோனின் நேர்மை பற்றியது. இரண்டையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

அமைதியே பயபக்தி என்னும் எண்ணம் அவ்வாசிரியருக்கு எங்கிருந்து வந்தது? 1814இல் வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்தத் தொண்டர் மட்டக்களப்பை வந்தடைந்தார். அடுத்த ஆண்டே அவர் நோயால் இறந்தாரெனினும், அவர் தொடங்கிய கல்விப்பணியும் சபையும் நிலைத்தன. பாடசாலையும் ஆலயமும் சேர்ந்து வளர்ந்த அச்சூழலில் ஒழுங்கு, நேரந்தவறாமை, அடக்கமான குரல் என்பன கற்றவனுக்குரிய இலக்கணங்களாயின. பாட்டுப் புத்தகத்தைக் கையிலேந்தி நேராக நின்று பாடுதல் வழிபாட்டு முறை மட்டுமன்று, நாகரிகத்தின் அடையாளமுமாயிற்று. கோயிற்பறையும் உடுக்கும் உருவாட்டமும் அந்நாகரிகத்துக்குப் புறம்பானவையாக எண்ணப்பட்டன.

ஆயின் அச்சபையின் தோற்றுவாயை நோக்குவார்க்கு வியப்பொன்று காத்திருக்கின்றது. மெதடிஸ்த இயக்கத்தின் முதல்வரான ஜோன் வெஸ்லி 1739இல் இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகர்ப்புறத்திலே திறந்தவெளியிற் பிரசங்கிக்கத் தொடங்கியபோது, கேட்டோர் கதறினர், நிலத்தில் விழுந்தனர், உரத்துப் பாடினர். அக்காலத்து அங்கிலிக்கத் திருச்சபையினர் பலர் இதனை அருவருத்தனர், சமயவெறி என்றனர், கற்றோர்க்குத் தகாத கூச்சல் என்றனர். முக்கால் நூற்றாண்டு கழிந்து கடல் கடந்து வாவிக்கரையை அடைந்தபோது, அக்கூச்சலின் வழித்தோன்றல்களே பிறருடைய பறையொலியைக் கூச்சல் என்றனர். ஒரு தலைமுறையின் ஆரவாரம் பின்னொரு தலைமுறையில் ஒழுங்காக இறுகிவிடுகின்றது. எனவே அமைதி சமயத்தின் இயல்பு என்பதைவிட, ஒரு வகுப்பாரின் பழக்கம் வேறொரு வகுப்பாருக்குச் சட்டமானது என்பதே பொருந்தும்.

ஆபிரிக்காவிலும் இதுவே நடந்தது. அங்குச் சென்ற தொண்டர் பலர் மேளத்தை அந்நியதெய்வ வழிபாட்டின் கருவியென விலக்கினர். ஆங்கிலப் பாடல்களை மொழிபெயர்த்து, ஆங்கில மெட்டிலேயே பாடுவித்தனர். இதில் ஒரு பெருங்குறை நேர்ந்தது. யொரூபா மொழியிற் சொல்லின் பொருள் எழுத்தொலியில் மட்டும் தங்கியதன்று. குரலின் ஏற்ற இறக்கத்திலும் தங்கியது. ‘ஒகொ’ என்பதுபோல் ஒலிக்கும் சொல், குரலை உயர்த்தியும் தாழ்த்தியும் நிறுத்தியும் கூறுவதற்கேற்ப மண்வெட்டி, ஊர்தி, கணவன் என வெவ்வேறு பொருள் தரும். இத்தகைய மொழியில் அந்நிய மெட்டொன்றை ஏற்றினால், மெட்டு உயருமிடத்திற் சொல் தாழவேண்டியிருக்கும். பாடுவோன் ஒன்றைக் கருத, ஒலிப்பது மற்றொன்றாகும். அதே மொழியின் ஏற்ற இறக்கங்களைத் தன் நாணிற் பற்றிப் பேசவல்லது யொரூபா மேளம். ஆகவே மேளத்தை விலக்கியது வெறும் ஓசையை விலக்கியதன்று. மொழியின் ஒரு பாதியை வாயிலிலேயே நிறுத்தியதாகும்.

1918இல் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாக் கொள்ளைநோய் மேற்காபிரிக்காவையும் வருத்தியது. அப்போது இஜெபு-ஓடே நகரில் அங்கிலிக்கச் சபையினர் சிலர் தனியே பிரார்த்தனைக்குக் கூடினர். 1925இல் லாகோஸ் நகரில் ‘கேருபீன் சேராபீன்’ சபை தோன்றிற்று. 1930இல் வீதியமைக்கும் உருளை இயந்திரத்தை ஓட்டிய யோசேப்பு பாபலோலா என்பார் இலேசா நகரில் நடத்திய கூட்டங்களுக்கு மக்கள் திரண்டனர். இவ்வியக்கங்கள் யாவும் ‘அலாதுரா’ என்று பெயர்பெற்றன. பிரார்த்திப்போர் என்பது அதன் பொருள். வெளியே நிறுத்தப்பட்ட மேளம் இவற்றின் வழியே உள்ளே வந்தது. காலப்போக்கிற் பழைய சபைகளும் அதனை ஏற்றன. கத்தோலிக்கத் திருச்சபையும் 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டுப் பிரகடனத்தின் மூலம் மக்களின் மொழிக்கும் இசைக்கும் இடமளித்தது. 1988இல், அன்று சாயிர் எனப்பட்ட கொங்கோவின் மறைமாவட்டங்களுக்கென ஆடலையும் உள்ளடக்கிய திருப்பலி முறையொன்றுக்கு உரோமாபுரி ஒப்புதல் வழங்கிற்று.

இவ்வரலாற்றை அறிந்தால் நம் ஆசிரியரின் முதல் ஐயம் ஓரளவு தளரும். எனினும் அது தளர்வதற்கு நூலறிவு வேண்டியதில்லை. அவர் தம் பாட்டியாரை நினைத்தாலே போதும். மட்டக்களப்புத் தமிழகத்திலே கண்ணகையம்மன் கோயில்கள் பல ஆண்டு முழுவதும் பூட்டியிருந்து வைகாசியிலே திறக்கப்படுவன. கதவு திறத்தல் தொடங்கி, கலியாணக்கால் நட்டு, வழக்குரை பாடி, பூரணையை அண்டிக் குளிர்த்தியோடு சடங்கு நிறைவுறும். பறை முழங்க, உடுக்கொலிக்க, வேப்பிலை ஏந்தித் தெய்வமாடுவோர் ஆடுவர். மதுரையை எரித்தவளின் வெம்மையைத் தணிக்க ஓர் ஊரே நீரும் வேப்பிலையுமாக விழித்திருக்கும் இரவு அது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற நாள்களில் றபான் ஒலிக்கப் பாவாமார் பாடுவதும் இதனைச் சார்ந்ததே. வெறுங்காலும், வியர்வையும், விடியும்வரை நீளும் பாட்டும் வாவிக்கரையானுக்கு அந்நியமல்ல. நைஜீரியாவில் அவர் கண்டது புதியதொன்றன்று. தாம் வெட்கப்படக் கற்றுக்கொண்ட பழையதொன்றையே கண்டார். அவ்வெட்கமும் கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதன்று. அம்மன் கோயில்கள் சிலவற்றிற் பழைய சடங்குமுறை சுருங்கி ஆகமமுறை புகுந்தபோது, பறைக்குப் பதில் நாதஸ்வரமும், தெய்வமாடுதலுக்குப் பதில் அர்ச்சனையும் ‘திருத்தம்’ என்னும் பெயரிலேயே வந்தன.

அவ்வாறாயின் ஆரவாரமே உண்மை வழிபாடு, அமைதி போலி எனக் கொள்ளலாமோ? அதுவும் பிழையாகும். மனத்திற் குற்றமற்றிருப்பதே அறம், ஏனையவெல்லாம் ஆரவாரத் தன்மையன என்றார் வள்ளுவர். அவ்வேனையவற்றைச் சொல்லும் வேடமும் எனப் பரிமேலழகர் விளக்கினார். நல்லொழுக்கத்துக்கு அப்பால் இறைவனை மகிழ்விக்கத் தான் செய்யக்கூடியது வேறொன்றுண்டு என மனிதன் எண்ணுவது வெறும் மயக்கம் என்று இம்மானுவேல் கான்ற் 1793இல் வெளியிட்ட தம் சமயநூலில் வாதித்தார். எபிரேயத் தீர்க்கதரிசியான ஆமோசு, நீதியற்றோரின் பண்டிகையையும் பாடலையும் இறைவன் வெறுக்கின்றான் என்றார். இம்மண்ணிற் பிறந்த சுவாமி விபுலாநந்தரும், எந்த மலர் இறைவனுக்கு ஏற்றது என வினவிய தம் பாடலில், புறத்தே மலரும் பூக்களைக் கடந்து உள்ளக் கமலத்தையே விடையாகக் கூறினார். எனினும் அவரே பல்லாண்டு உழைத்து, மறைந்துபோன யாழின் இசையிலக்கணத்தை ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டவர் என்பதை மறத்தலாகாது. உள்ளக் கமலத்தைப் பாடியவர் ஓசையைப் புறக்கணிக்கவில்லை.

ஆரவாரத்தின் பக்கத்திலும் வலிய நியாயங்கள் உண்டு. மக்கள் ஒருங்குகூடி ஒரே தாளத்தில் அசையும்போது தனியனிடத்தில்லாத ஓர் எழுச்சி பிறக்கின்றது என்றும், சமயத்தின் வேர் அங்கேயே உள்ளது என்றும் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டேர்க்கைம் 1912இல் விளக்கினார். நோயாலும் வறுமையாலும் துவண்ட தனிமனிதனுக்கு ‘நீ தனித்தவனல்லன்’ என்று சொல்லாமற் சொல்வது அவ்வெழுச்சியாகும். ஆயினும் இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். அவ்வெழுச்சி தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. 1930களில் நூரம்பேர்க்கிற் கூடிய நாற்சிக் கட்சியின் பெருங்கூட்டங்களிலும் தாளம் இருந்தது, ஒருமை இருந்தது, கண்ணீரும் இருந்தது. உடல் சிலிர்த்தது என்பது ஒருவன் இறைவனை அடைந்தான் என்பதற்குச் சான்றாகாது. அவ்வாறே, ஓர் ஆலயம் அமைதியாக இருக்கின்றது என்பதும் அங்குள்ளோர் உள்ளம் ஒடுங்கியுள்ளது என்பதற்குச் சான்றாகாது. உறக்கத்திலும் அமைதி உண்டு.

ஓசையும் அளவுகோலன்று, ஓசையின்மையும் அளவுகோலன்று எனின், ஒரு வழிபாட்டின் உயிரை எதனால் அளப்பது? இவ்விடத்திற் பழைய கதை ஒன்று கைகொடுக்கின்றது. உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்குக் கொண்டுவரப்பட்டபோது தாவீது அரசன் அதன் முன் ஆடினான். அவன் மனைவி மீக்காள் சாளரத்தின் வழியே அதனைக் கண்டு உள்ளத்தில் அவனை இகழ்ந்தாள். அவள் ஆட்டத்தை வெறுத்தாள் என்றே பலர் கூறுவர். அவள் கூறிய குற்றத்தைக் கூர்ந்து நோக்கின் வேறொன்று புலப்படும். அரசன் ஆடினான் என்பதன்று அவள் மனக்குறை. பணியாளரின் அடிமைப்பெண்கள் காண ஆடினான் என்பதே. தாவீது தந்த மறுமொழியும் அதற்கேற்றது: அப்பெண்களிடத்திலேயே தான் மதிப்புப் பெறுவதாக அவன் கூறினான். வழக்கு ஆடலைப் பற்றியதன்று. அரசனும் அடிமைப்பெண்ணும் ஒரே வட்டத்துள் நிற்கலாமா என்பதைப் பற்றியது.

தமிழ்ச் சமய வரலாற்றிலும் இவ்வழக்கு உண்டு. பெரியபுராணம் கூறும் திருநாளைப்போவார் சிவன்கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் அளித்தவர்; யாழுக்கும் வீணைக்கும் நரம்பு அளித்தவர். அத்தோலிலிருந்து எழும் ஓசை கருவறைவரை சென்றது. தோலைத் தந்தவர் வாயிலுக்கு வெளியே நின்றார். வெளியே நின்றவாறே அன்பு மிகுதியால் ஆடினார், பாடினார் எனச் சேக்கிழார் கூறுகின்றார். அவர் தில்லையினுள் நுழைவதற்குத் தீயினுள் மூழ்கவேண்டியிருந்தது. உயிரோட்டமான வழிபாடு அங்கு இல்லாமலில்லை. ஆயின் அதன் உயிரைத் தந்தவனுக்கு அங்கே இடமில்லை.

இக்கதையை வாவிக்கரைக்குக் கொணர்ந்தால் அது கதையாக நிற்பதில்லை. அம்மன் சடங்கின் தெய்வமாடுதலுக்குப் பறை இன்றியமையாதது. சாவீட்டிலும் கோயிலிலும் அப்பறையை முழக்கும் கடமை பரம்பரையாக ஒரு குலத்தார்மீது சுமத்தப்பட்டு வந்தது. பறை முழங்கத் தெய்வம் வரும். முழக்கியவரோ கோயிலின் வெளிவீதியில் நிற்பர். ‘அது அவர்களுக்குரிய உரிமை, கோயில் அவர்களுக்குப் பங்கும் கூலியும் தருகின்றது’ என்று சமாதானம் கூறுவோர் உண்டு. உரிமை என்பது வேண்டியபோது ஏற்கவும் வேண்டாதபோது விடவும் இயலுவது. விடமுடியாத உரிமைக்கு மொழியில் வேறு பெயர் உண்டு. இக்குலத்து இளைஞர் பலர் பறையைத் தொட மறுத்தமை கலையின்மீது கொண்ட வெறுப்பாலன்று. பறையோடு ஒட்டிவந்த இழிவைக் கழற்றுவதற்கு வேறு வழி காணாமையாலேயே. இன்று பறைமேளக் கூத்தை ஆய்வோரும் அரங்கேற்றுவோரும் பெருகியுள்ளனர். அது நன்று. ஆயினும் அரங்கில் மாலையும் ஆலயத்தில் வெளிவீதியுமாக அக்கலைஞனின் நிலை பிரிந்திருக்குமாயின், போற்றப்படுவது தோற்கருவியே, மனிதன் அல்லன்.

இப்போது நைஜீரிய ஆலயத்துக்கு மீண்டு, நம் ஆசிரியர் கண்டும் காணாதுவிட்ட ஒன்றை நோக்கலாம். அங்கே மேளக்காரர் பீடத்துக்கு அருகே நின்றனர். மேளம் ஓய்ந்ததும் அவர்களும் ஏனையோருடன் அதே வாங்கில் அமர்ந்தனர். அதே அப்பத்தில் பங்குபெற்றனர். அவ்வழிபாட்டை உயிரோட்டமுடையதாக்கியது ஓசையின் அளவன்று. ஓசையை எழுப்பியவனுக்கும் பெயரறியா அந்நியனுக்கும் அதனுள் இருந்த இடமே. ஒரு வழிபாடு உயிருடையதா என்பதற்கு, அதில் எத்துணைப் பேர் ஆடினர் என்று எண்ணுவதைவிட, வாயிலுக்கு வெளியே யார் நிற்கின்றார் என்று பார்ப்பதே தக்க அளவை.

இவ்வளவையை ஆபிரிக்கச் சபைகளின்மீதும் நடுநிலையோடு பிரயோகித்தல் வேண்டும், விலக்களிப்பது நேர்மையாகாது. வெள்ளங்கிச் சபைகள் சிலவற்றில் மாதவிலக்கான பெண்கள் ஆலயத்துட் புகுதல் விலக்கப்பட்டுள்ளது. பீடப்பகுதி ஆடவருக்கே உரியது. பாபலோலாவைப் பின்பற்றியோர், பிரார்த்தனையே போதும் என மருந்தை அறவே மறுத்த காலமும் உண்டு. நோயுற்ற குழந்தைக்கு அம்மறுப்பு என்னவாகியிருக்கும் என எண்ணுதல் வேண்டும். காணிக்கைக்காக ஆடிச்செல்லும் வரிசையில், கையில் ஒன்றுமில்லாதவன் அமர்ந்திருப்பதை எல்லோரும் காண்பர். ஆகவே வட்டம் விரியும்போதே அதற்கொரு புதிய வெளிப்புறம் உண்டாகின்றது. இது ஆபிரிக்கரின் குறையன்று. வட்டம் வரையும் மனிதரின் குறை. மட்டக்களப்பானுக்கு இதைச் சுட்டும் தகுதி, தன் ஊர்க் கோயிலின் வெளிவீதியையும் சேர்த்துச் சுட்டும்போதே உண்டாகும்.

இனி, ஆசிரியரின் இரண்டாம் தயக்கத்தை நோக்கலாம். நம்பாதவன், அல்லது வேறுவகையாக நம்புபவன், பிறருடைய வழிபாட்டிற் கைதட்டலாமா? இங்கு இருவகைச் செயல்களைப் பிரித்தறிதல் வேண்டும். விசுவாச அறிக்கை கூறுதல், திருவிருந்திற் பங்குபெறுதல், தெய்வத்தை நோக்கி வாக்களித்தல் என்பன ஒருவகை. இவை உள்ளத்தைப் பற்றிய சாட்சிகள். உள்ளம் இசையாதபோது செய்யின் பொய்யாகும், விருந்தோம்பியோரை ஏமாற்றுவதுமாகும். எழுந்து நிற்றல், பாதணி கழற்றல், பிறர் மகிழும்போது முகமலர்தல், தாளத்துக்குக் கைதட்டுதல் என்பன மற்றொருவகை. இவை ‘உங்கள் கடவுளை நான் ஏற்றேன்’ எனக் கூறுவனவல்ல. ‘உங்கள் மகிழ்ச்சியை மதிக்கின்றேன்’ என்று கூறுவன. திருமணவீட்டில் வாழ்த்துபவன் மணமகன் ஆகிவிடுவதில்லை. அண்டை வீட்டுக் கிறிஸ்தவரும் குளிர்த்தியன்று வந்து நின்று போவதும், கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு இந்துக்கள் செல்வதும் வாவிக்கரையில் இப்பிரிவினையை யாரும் ஏட்டிற் கற்காமலே அறிந்திருந்ததைக் காட்டும். கைக்குட்டையை வீசியிருந்தால் அவ்வாசிரியர் பொய்யராகியிருக்கமாட்டார். வீசாதிருந்தமையும் குற்றமன்று. மீக்காளைப்போலச் சாளரத்தினின்று நோக்கும் மனநிலையே குற்றம். காட்சிப்பொருளைக் காண்பான்போல நின்று, ஊர் திரும்பி நகைப்புக்குரிய கதையாகச் சொல்பவன் வாயிலுக்கு வெளியே தன்னைத் தானே நிறுத்திக்கொள்கின்றான்.

விருந்தினனின் கடமை எத்துணைப் பாரியது என்பதை மட்டக்களப்பு மிகக் கொடிய முறையில் அறிந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, மட்டக்களப்பு நகரின் சீயோன் தேவாலயத்துக்கு வந்த அந்நியன் ஒருவன் தன் உடலிற் கட்டிய குண்டை வெடிக்கச் செய்தான். ஞாயிறு வகுப்பை முடித்து நின்ற சிறுவர் பலர் இறந்தனர். பாட்டும் கைதட்டலுமாக வழிபடும் சபை அது. புதிதாக வருவோனை முகமலர்ந்து வரவேற்கும் வழக்கத்தையே கொலைஞன் தன் வழியாக்கிக் கொண்டான். அன்றிலிருந்து இலங்கையின் வழிபாட்டிடங்கள் பலவற்றில் வருவோரின் பைகள் சோதிக்கப்பட்டன. புதுமுகம் ஐயத்துக்குரிய முகமாயிற்று. அச்சத்தைக் குறைகூற யாருக்கும் தகுதியில்லை. எனினும் அந்நியனுக்கு இடமளித்தல் வழிபாட்டின் புறத்தேயுள்ள உபசாரமன்று, அதன் உயிரே என்பது உண்மையாயின், அன்று தாக்கப்பட்டது அவ்வுயிரே. கதவைத் திறந்துவைத்தலுக்கு விலை உண்டு என்பதை அறிந்த பின்னரும் திறந்து வைப்போரின் துணிவு, எந்த மேளத்தினும் உரத்த ஓசையாகும்.

ஒப்பந்தம் முடிந்தபின் அவ்வாசிரியர்களுட் சிலர் ஊர் திரும்பினர். வேறு சிலர் அங்கிருந்தே மேலைநாடுகளுக்குப் பெயர்ந்தனர். நாம் உருவகித்தவர் திரும்பினார் என்றே கொள்வோம். வைகாசிப் பூரணையை அண்டிய ஓர் இரவில், தம் பாட்டியாரின் கோயில் முன்றிலுக்கு அவர் மீண்டும் வருகின்றார். பறை முழங்குகின்றது. முன்னாளில் அவ்வொலியைக் கேட்டு வெட்கினார்; இப்போது வெட்கமில்லை. அவ்வளவோடு அமைவாராயின் ஆபிரிக்கா அவருக்குப் பாதியே கற்பித்ததாகும். ஒலி வரும் திசையை அவர் நோக்கவேண்டும். அது கோயிலின் உள்ளிருந்து வரவில்லை. வெளிவீதியின் இருளில், தோளிற் பறையுடன் நிற்கும் மனிதனிடமிருந்து வருகின்றது. கடல்கடந்த நாட்டிலே, முன்பின் அறியாத மூதாட்டி ஒருத்தி தமக்குக் கைக்குட்டை தந்து இடமளித்தாள். தம் ஊரிலே, முப்பாட்டன் காலந்தொட்டு அறிந்த இம்மனிதனுக்குத் தாம் என்ன தந்திருக்கின்றோம் என்னும் வினாவே அவர் கொண்டுவந்த உண்மையான பயணப்பொருள். அவ்வினாவை ஊர்க்கூட்டத்தில் உரத்துக் கேட்பாராயின், அதுவே அவ்வாண்டின் சடங்கிற் குறையாயிருந்த வழிபாடாகும்.